மூணாஞ்சங்கும் முத்திரைச் சுத்தியலும்

எங்கள் பக்கத்தில் கழுத்தை அறுப்பதாக இருந்தாலும், "சித்த நேரம் தலையைச் சாய்ச்சுக்குங்க" என்று கேட்டுக்கொண்டுதான் அறுப்பார்கள். அறுபடுகிறவரும் லேசுப்பட்டவர் அல்ல. "ஒரு வாய் காப்பி குடிச்சுப்போட்டு அறுங்க" என்பார். 1996-ல் பல்லடம் வெள்ளியங்கிரி தன்னிடம் இருந்த ஒரே இசைத்தட்டைப் பறிகொடுத்ததும் இந்த மரியாதையால்தான்.

வெள்ளியங்கிரிக்கு எட்டு விசைத்தறிகள் இருந்தன. ஆனாலும் விவரம் தெரிந்தவர்களுக்கு அவர் 'நைட் ஷிப்ட்' குழுவின் டிரம்மர். எழுபதுகளில் அந்த ராக் குழுவின் படம் ஒட்டாத கல்லூரி விடுதி கிடையாது. மில் தொழிலாளர் வீட்டுப் பையன்கள் மூன்று பேர் ஆரம்பித்தது. கிதாரும் குரலும் பிரான்சிஸ். பேஸ் கிதார் உக்கடம் அப்துல் மஜீத். டிரம்ஸ் வெள்ளியங்கிரி. 1971-ல் மூவரும் ரயிலேறி மெட்ராஸ் போய், தங்கள் முதல் பாட்டைச் சின்னத் தட்டாகப் பதிவு செய்துகொண்டு வந்தார்கள். பாட்டின் பெயர் 'மூணாஞ்சங்கு'. மில்லில் மூன்றாவது சங்கு ஊதி ராத்திரி ஷிப்ட் முடிந்து வருகிறவன் தன் வீட்டுக் கதவைத் தட்டுகிற பாட்டு அது.

"அம்மணி, கதவைத் தெற, மூணாஞ்சங்கு ஊதியாச்சு,
மொதலாளி தூங்கியாச்சு, என்ற முதுகெலும்பு தேஞ்சுபோச்சு."

எங்கள் பக்கத்தில் பெண்டாட்டியும் அம்மணிதான், பெற்ற மகளும் அம்மணிதான். முந்நூறு தட்டு அடித்தார்கள். முதல் வாரத்திலேயே இருநூற்றைம்பது விற்றுத் தீர்ந்தது. பையன்கள் சந்தோஷத்தில் உக்கடத்தில் பிரியாணி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோதுதான் தெரிந்தது, அத்தனையையும் வாங்கியது ஒரே ஆள், ஒரு மில் மேனேஜர். அவர்கள் கை கழுவுவதற்குள் தட்டுகள் மில் பாய்லருக்குள் போய்ச் சேர்ந்துவிட்டன. மிச்சம் ஐம்பதில் பாதி, முறுக்கு டப்பாவுக்கு மூடியாகக் காலம் தள்ளியது. மீதி என்னவானது என்று யாருக்கும் தெரியாது. பதிவுக் கம்பெனிக்காரர்கள் மூல டேப்பை அழித்து அதன் மேலேயே ஒரு பக்திப் பாட்டைப் பதிந்து புண்ணியம் கட்டிக்கொண்டார்கள்.

அடுத்த வருடமே பிரான்சிஸ் அவிநாசி ரோட்டில் லாரி மோதிச் செத்துப்போனான். அப்போது அவன் மகள் இனியாவுக்கு ஆறு மாதம். குழு வேறொரு பாடகரை வைத்துக்கொண்டு பெங்களூர், பம்பாய் என்று போய்ப் பெரும் பேர் வாங்கி, 1979-ல் கலைந்தது. அந்தப் பேரெல்லாம் கடைசியில் போய் ஒட்டிக்கொண்டது யாருக்கும் கிடைக்காத அந்த முதல் தட்டில்தான். தமிழில் ராக் இசையே அதிலிருந்துதான் பிறந்தது என்றார்கள். கேட்காதவர்கள்தான் அதிகம் புகழ்ந்தார்கள். ஒரு பேராசிரியர் அதில் வரும் புல்லாங்குழலைப் பற்றி நாற்பது பக்கம் எழுதி டாக்டர் பட்டமே வாங்கிவிட்டார். அந்தப் பாட்டில் புல்லாங்குழலே கிடையாது.

இப்படி இருக்கும்போது, 1996 ஆரம்பத்தில் வெள்ளியங்கிரி பரணைச் சுத்தம் செய்தார். பழைய பெரிய டிரம்மின் வயிற்றுக்குள், சத்தம் அதிராமல் இருக்க அந்தக் காலத்தில் திணித்த சேலை இருந்தது. அதை உருவியபோது, மடிப்புக்குள்ளிருந்து ஒரு தட்டு வந்து மடியில் விழுந்தது. கீறல்கூட இல்லை. அவர் உட்கார்ந்து அழுதார். பிறகு எழுந்து அவிநாசிக்குப் போன் செய்தார். இனியா அங்கே ஒரு எஸ்.டி.டி. பூத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கண்ணு, உங்கப்பன் பாடுன தட்டு கெடச்சிருச்சு."

இனியா பூத்தில் காத்திருந்தவர்களை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்திவிட்டு வந்தாள். அடுத்தவர்கள் பேசுவதற்கெல்லாம் நிமிடக் கணக்குப் பார்க்கிறவள், தன் முறைக்கு அதை மறந்துவிட்டாள்.

"எங்கப்பா குரல் அதுலீங்களா மாமா?"

"அதுல மட்டுந்தான் கண்ணு."

"எனக்குப் பாட்டுகூட வேண்டாமுங் மாமா. எங்கப்பா என்னை எப்பிடிக் கூப்ட்டிருப்பாருன்னு தெரிஞ்சாப் போதும்."

மஜீத் உக்கடத்தில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தார். அவரிடம் ஒரு ரெக்கார்டு பிளேயர் இருந்தது, ஊசி இல்லை. "டேய் வெள்ளிங்கிரி, வெள்ளிக்கெழமைக்குள்ள ஊசி வந்துரும். பாட்டைக் கேசட்டுல ஏத்தித் தாரேன். அதுவரைக்கும் தட்டை யாருகிட்டயும் காட்டாதே" என்றார். வெள்ளியங்கிரி யாரிடமும் காட்டவில்லை. டீக்கடையில் சொன்னார், அவ்வளவுதான். புதன்கிழமை பேப்பரில் வந்தது. வியாழக்கிழமை காலை வாசலில் ஜீப் நின்றது.

ஜீப்பில் எழுதியிருந்தது: 'கொங்கு மண்டல இசைமரபு அளவீட்டு வாரியம்'. இறங்கியவர் வாரியத் தலைவர் அரங்கசாமி. கடைகளில் எடைக்கல்லைச் சோதித்து முத்திரை குத்தும் வேலையில் முப்பத்தொரு வருடம் இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றவரைச் சும்மா விடக் கூடாது என்று யாரோ பண்பாட்டை அவர் தலையில் கட்டியிருந்தார்கள். பின்னாலேயே பியூன் கருப்புசாமி ஒரு தராசைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"ஏனுங்க, நல்லாருக்கறீங்களா?" என்றார் அரங்கசாமி.

"இருக்கறேனுங்க. உள்ள வாங்க. காப்பி குடிக்கறீங்களா?"

"குடிக்கலாமுங்க. காப்பி வர்ற வரைக்கும் தட்டை எடை போட்டுறட்டுங்களா?"

தட்டு நாற்பத்திரண்டு கிராம் இருந்தது. அரங்கசாமி கண் கலங்கிவிட்டார். "சுத்தமான எடைங்க" என்றார். காப்பி வந்தது. காப்பியைப் பாராட்டினார். மாட்டைப் பாராட்டினார். மாட்டுக்குப் போட்ட தீவனத்தை விசாரித்தார். பிறகு, "ஒரே ஒரு நாளுங்க. ஆபீசுல வெச்சு அளந்துபோட்டுத் திருப்பிக் குடுத்தரோமுங்க" என்றார்.

வெள்ளியங்கிரிக்குக் கொடுக்க மனமில்லை. ஆனால் தீவனம் வரைக்கும் அன்பாக விசாரித்த மனிதரிடம் எப்படி இல்லை என்பது? ஐம்பத்தோராவது வயது வரை அவர் யாரிடமும் 'முடியாது' என்று சொன்னதில்லை. டிரம்மருக்குக் கையால் பேசித்தான் பழக்கம். "எடுத்துட்டுப் போங்க, ஆனா வெள்ளிக்கெழமைக்குள்ள…" என்று இழுத்தார். அவர் இழுத்து முடிப்பதற்குள் ஜீப் திரும்பிவிட்டது. வாரியத்தாரை வழியனுப்ப வாசல் வரை போய்க் கையும் கூப்பிவிட்டு வந்தார்.

மஜீத்துக்கு வெள்ளிக்கிழமை ஊசி வந்துவிட்டது. தட்டு வரவில்லை.

திங்கட்கிழமை வெள்ளியங்கிரி கோயமுத்தூர் போனார். ரேஸ்கோர்ஸ் பக்கம் ஒரு பழைய பங்களாதான் வாரிய அலுவலகம். சுவர் முழுக்கக் கண்ணாடி அலமாரிகள். ஒன்றில் ஒரு நாதஸ்வரம் இருந்தது. அதன் உடம்பில் எட்டணா அகலத்துக்கு வட்டமாக ஒரு முத்திரை குத்தி, குத்திய இடத்தில் மேலிருந்து கீழ் வரை வெடித்திருந்தது. பக்கத்தில் ஓர் உறுமி. தோலின் நட்டநடுவில் முத்திரை வட்டமாக உள்ளே போய் மறுபக்கம் எட்டிப்பார்த்தது. ஒரு சலங்கையில் எல்லா மணிக்கும் தனித்தனியாகக் குத்தியிருந்தார்கள். ஒன்றுகூட ஆடவில்லை.

"இதெல்லாம் சத்தம் வருமுங்களா?" என்று கேட்டார் வெள்ளியங்கிரி.

"எதுக்குங்க சத்தம்?" என்று அரங்கசாமி ஆச்சரியப்பட்டார். "எடைக்கல்லு சத்தமா போடுது? முத்திரை இருந்தாத்தானுங்க கல்லு செல்லும். முத்திரை இல்லைன்னா அது வெறும் இரும்பு. மரபும் அப்பிடித்தானுங்க."

"என்ற தட்டு…"

"உங்க தட்டுன்னு யாருங்க சொன்னாங்க?"

அவர் கேலியாகக் கேட்கவில்லை, விதிப்படி கேட்டார். தட்டில் டிரம்ஸ் வாசித்தது தான்தான் என்று வெள்ளியங்கிரி நிரூபிக்க வேண்டும். குழுத்தலைவர் பிரான்சிஸ் நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும். அவர் செத்து இருபத்து நாலு வருடமாகிவிட்டது என்று சொன்னதற்கும் விதி இருந்தது. "வர முடியலைன்னா, எதனால வர முடியலைன்னு அவரே ஒரு லெட்டர் எழுதிக் குடுத்தாப் போதுமுங்க. நாங்க ரொம்பக் கடுசு பண்றதில்லீங்க."

வெள்ளியங்கிரி மேசையில் இரண்டு விரலால் தட்டிக் காட்டினார். மூணாஞ்சங்கு தாளம். தறி ஓடுகிற கதியில் ஆரம்பித்து, மூன்றாவது சுற்றில் ஓர் அடி பிந்தி விழும். பியூன் கருப்புசாமிக்குத் தன்னையறியாமல் தலை ஆடியது.

"நல்லாத்தான் தட்டறீங்க. ஆனா தட்டுல இருக்கறதும் இதேதானான்னு ஒத்துப் பாக்கோணுமுங்களே" என்றார் அரங்கசாமி.

"அப்பத் தட்டைப் போட்டுப் பாருங்க."

"போடக் கூடாதுங்க. ஊசி பட்டாத் தேயுமுங்க. தேஞ்சா எடை கொறையுமுங்க. நாப்பத்திரண்டு நாப்பத்தொண்ணாகிப்போனா யாருங்க பதில் சொல்றது?"

வாரியத்தில் படிவம் தட்டச்சு செய்தவர் பொற்கொடி. பதினோரு வருடமாக, முத்திரை குத்தி உடையும் மேளங்களுக்கு மூன்று பிரதிகளில் வாழ்த்துச் சான்றிதழ் அடித்து வந்தவர். வெள்ளியங்கிரியிடம் படிவத்தை நிரப்பக் கொடுத்தார். இசையின் வகை என்று ஒரு கட்டம். சாஸ்திரியம், கிராமியம், பக்தி, இதர உபகரணம் என்று நான்கு இருந்தன. ராக் என்று ஒன்று இல்லாததால், அரங்கசாமி இதர உபகரணத்தில் டிக் அடித்துவிட்டார். அந்த வகையில் ஏற்கெனவே பதிவாகியிருந்தது ஒரு கமலைச் சால். 'மூணாஞ்சங்கு' கிணற்றில் தண்ணீர் இறைக்கும் சாலுக்குத் தம்பியானது.

பன்னிரண்டாம் கட்டத்தில் 'பாடலின் நீளம்' என்று இருந்தது. வெள்ளியங்கிரி எழுதப் பேனாவை வைத்தார். பொற்கொடி அந்தக் கட்டத்தின் மேல் விரலை வைத்து மறைத்துக்கொண்டார்.

"இது அப்பிடியே இருக்கட்டுமுங்ணா" என்றார் மெதுவாக.

அடுத்த முறை இனியாவும் கூட வந்தாள். சர்ச் பதிவேட்டு நகல், இறப்புச் சான்று எல்லாம் கொண்டு வந்திருந்தாள். "ஒரே ஒரு தடவை கேட்டுட்டுப் போயிர்றேனுங்க" என்றாள். அரங்கசாமி உருகிப்போனார். நாற்காலி போடச் சொன்னார். தண்ணீர் கொடுத்தார். கண்ணாடி அலமாரியைத் திறந்து, தட்டை அவள் கண்ணுக்கு நேராகப் பிடித்தார். "நல்லாப் பாத்துக்குங்க அம்மணி. எவ்வளவு நேரம் வேணும்னாலும் பாருங்க. பாக்கறதுக்கு நாங்க கட்டணமே வாங்கறதில்லீங்க" என்றார்.

இனியா பார்த்தாள். கறுப்பாக வட்டமாக இருந்தது. அப்பா அதற்குள் இருந்தார். அவளுக்கு அந்த நிமிஷம் அந்த மனிதரை அறைய வேண்டும் போலிருந்தது. "ரொம்ப நன்றிங்க" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தாள். அவளும் எங்கள் ஊர்க்காரிதானே.

தட்டுக்கு வெள்ளிவிழாக் கொண்டாடுவதென்று வாரியம் முடிவு செய்தது. அக்டோபரில் ஒரு கல்யாண மண்டபத்தில் மேடை போட்டார்கள். விளக்கேற்றுவது, முத்திரை குத்துவது, சான்றிதழில் கையெழுத்து, தேநீர் என்று அழைப்பிதழில் நிகழ்ச்சி நிரல் இருந்தது. பாட்டு இல்லை. புல்லாங்குழல் டாக்டர் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். கூட்டமும் நன்றாகவே வந்தது. பாதிப்பேர் எழுபதுகளின் மாணவர்கள், இப்போது வழுக்கையோடு.

அரங்கசாமி பேசினார்.

"எனக்குச் சங்கீதம் தெரியாதுங்க. அதான் என்னைப் போட்டிருக்கறாங்க. சங்கீதம் தெரிஞ்சவங்களை நம்பிக் காரியத்துல எறங்க முடியாதுங்க. ஒருத்தரு ஆஹாங்கறாரு, இன்னொருத்தரு சேச்சேங்கறாரு. கிராமு அப்பிடிப் பேசுமுங்களா? இந்தப் பாட்டு நாப்பத்திரண்டு கிராமுங்க. இதை எந்த நாட்டுக்காரன் வந்து நிறுத்தாலும் நாப்பத்திரண்டுதானுங்க." இங்கே கைதட்டல். "இது வரைக்கும் எங்க வாரியம் நூத்தி எழுவது மரபுகளைக் காப்பாத்தியிருக்குதுங்க. அதுல ஒண்ணுகூட இன்னைக்குப் புழக்கத்துல இல்லீங்க. புழக்கத்துல உட்டாக் கெட்டுப்போயிருமுங்க. இப்ப மூணாஞ்சங்குக்கு மரியாதை பண்ற விதமா, எல்லாரும் எந்திரிச்சு ஒரு நிமிஷம் சத்தமில்லாம நிப்போமுங்க."

எல்லோரும் எழுந்தார்கள். தமிழ்நாட்டின் முதல் ராக் பாட்டுக்கு ஒரு நிமிடம் மௌன அஞ்சலி நடந்தது. மண்டபத்து மின்விசிறி மட்டும் கடகடத்தது.

பிறகு முத்திரை. தகர மேசை மேல் சிவப்புத் துணி விரித்துத் தட்டை வைத்தார்கள். கருப்புசாமி ஒரு தாம்பாளத்தில் முத்திரைக் கோலையும் சுத்தியலையும் சந்தனம் வைத்து ஏந்தி வந்தார். வெள்ளியங்கிரி மேடையில் கடைசி நாற்காலியில் இருந்தார். எழுந்து ஓடி வந்தார்.

"அய்யா, குத்தறதுன்னா நடுவுல அந்தப் பேப்பர் மேல குத்துங்க. கறுப்புல வேண்டாமுங்க. அதுலதானுங்க பாட்டு இருக்குது."

"பேப்பர்ல குத்துனாக் கிழிஞ்சுபோகாதுங்களா? உங்க பேரெல்லாம் அதுலதானுங்க அச்சாகியிருக்குது" என்று அரங்கசாமி பரிவோடு சொன்னார். பரிவோடேயே கோலைக் கறுப்பில் வைத்து, முப்பத்தொரு வருட அனுபவத்தோடு ஒரே போடு போட்டார். ஒரு துணுக்குத் தெறித்துப் புல்லாங்குழல் டாக்டரின் மடியில் விழுந்தது. அவர் அதை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். இனியா இரண்டாவது வரிசையில் முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

"இனிமேத்தானுங்க இது செல்லும்" என்று அறிவித்துவிட்டு, அரங்கசாமி சான்றிதழில் கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்தார்.

"அய்யா" என்றார் பொற்கொடி. மைக்குக்குப் பக்கத்தில் நின்றிருந்தார், அதனால் மண்டபம் முழுக்கக் கேட்டது. "பன்னெண்டாங் கட்டம் காலியா இருக்குதுங்க. பாடலின் நீளம்."

அரங்கசாமியின் பேனா அந்தரத்தில் நின்றது. நிரப்பாத படிவத்தில் அவர் வாழ்நாளில் கையெழுத்துப் போட்டதில்லை. உறுமி கிழிந்தது, நாதஸ்வரம் வெடித்தது, தூக்கம் கெடவில்லை. காலிக் கட்டம் என்றால் அவருக்கு வேர்த்துவிடும்.

"உத்தேசமா ஒண்ணு போட்டுறலாமுங்களா?" என்று கேட்டார் பொற்கொடி, விஷமமே இல்லாத முகத்தோடு.

"உத்தேசமா! என்ன பேசறீங்க அம்மணி! அளக்காம எப்பிடிப் போடறது?"

"அளக்கோணும்னா ஓட்டிப் பாக்கோணுமுங்களே."

அரங்கசாமி தட்டைப் பார்த்தார், கட்டத்தைப் பார்த்தார். கட்டம் ஜெயித்தது. சட்டைப் பையிலிருந்து ஸ்டாப்வாட்சை எடுத்தார். "ஒரே தடவைங்க. அளவுக்காக மட்டும். யாரும் ரசிக்கக் கூடாதுங்க" என்றார்.

மண்டபத்தின் கடைசி வரிசையிலிருந்து மஜீத் ரெக்கார்டு பிளேயரைத் தூக்கிக்கொண்டு வந்தார். ஏழு மாதமாக ஊசியும் கையுமாக இருந்த மனிதர். மேசையில் வைத்து, ஒயரை மாட்டி, தட்டின் மேல் ஊசியை இறக்கினார். அரங்கசாமி ஸ்டாப்வாட்சை அழுத்தினார்.

முதலில் கரகரப்பு. பிறகு வெள்ளியங்கிரியின் டிரம்ஸ், தறி ஓடுகிற கதியில். மஜீத்தின் பேஸ் வந்து சேர்ந்தது. பிரான்சிஸின் கிதார் அதற்கு மேல் ஏறியது. வழுக்கைத் தலைகள் எல்லாம் நிமிர்ந்தன. ஓர் இளைஞனின் குரல், நிஜமாகவே ராத்திரி முழுக்க வேலை பார்த்துவிட்டு வந்தவனைப் போலக் களைப்பும் குறும்புமாக, அழைத்தது:

"அம்மணி…"

டக். ஊசி முத்திரையில் இடித்துப் பழைய வரிக்கே திரும்பியது.

"அம்மணி…"

டக்.

"அம்மணி…"

அவ்வளவுதான். அதற்கு மேல் பாட்டு நகரவில்லை. கதவு, சங்கு, முதலாளி, தேய்ந்த முதுகெலும்பு எல்லாம் முத்திரைக்கு அந்தப் பக்கம் நின்றுவிட்டன. ஒரு சுற்றுக்கு ஒரு தரம் பிரான்சிஸ் கூப்பிட்டுக்கொண்டே இருந்தான்.

இனியா எழுந்து நின்றாள். "என்னங்ப்பா" என்றாள்.

உரக்கச் சொல்லவில்லை. ஆனால் பக்கத்தில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்டது. அவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். தட்டு மறுபடி கூப்பிட்டது. அவள் மறுபடி, "இங்கதான் இருக்கறேனுங்ப்பா" என்றாள்.

"பழுதுங்க இது" என்று அரங்கசாமி பதறினார். "தேயுது பாருங்க. நிறுத்துங்க!" ஒரு கையில் ஸ்டாப்வாட்சோடு மறுகையை ஊசிக்கு நீட்டினார்.

வெள்ளியங்கிரி குறுக்கே வந்து நின்றார்.

"முடியாதுங்க" என்றார்.

ஐம்பத்தொரு வருடத்தில் முதல் தடவை. சொன்ன பிறகுதான் அவருக்கே தெரிந்தது, அது அவ்வளவு கஷ்டமில்லை என்று. "சித்த உக்காருங்க" என்று தலைவரை நாற்காலியில் அமர்த்தினார். மேசை மேல் இருந்த முத்திரைக் கோலை ஒரு கையில் எடுத்தார், சுத்தியலை மறுகையில் எடுத்தார். இரண்டையும் எடை பார்த்தார். குச்சியாகப் பரவாயில்லை. மேசையோரத்தில் துணியை விலக்கி, தகரத்தில் போட்டார் ஒரு போடு.

தறி ஓடுகிற கதி. மூன்றாவது சுற்றில் ஓர் அடி பிந்தி விழுந்தது, சரியாக அடுத்த 'அம்மணி'க்கு முன்னால். மஜீத் கிதார் இல்லாமல் வாயாலேயே பேஸ் பிடித்தார். கருப்புசாமி சந்தனத் தாம்பாளத்தைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பிடித்துத் தட்டினார். வழுக்கைகள் நாற்காலி மேல் ஏறின. இருபத்து நாலு வருடமாகப் பாடாத பாடகரோடு 'நைட் ஷிப்ட்' அன்றைக்குத்தான் திரும்பச் சேர்ந்தது. அவர் வரி மறந்துபோய் ஒரே வார்த்தையில் நின்றதை யாரும் குறையாக எடுத்துக்கொள்ளவில்லை. இனியா அழுதுகொண்டே கை தட்டிக்கொண்டிருந்தாள்.

அரங்கசாமி மட்டும் அசையாமல் உட்கார்ந்திருந்தார். அவர் கையில் ஸ்டாப்வாட்ச் ஓடிக்கொண்டிருந்தது. பாட்டு முடியாமல் அதை நிறுத்த அவருக்கு விதி இல்லை. அரை மணி நேரம் பொறுத்தார். தேநீர் ஆறிப்போனது. கடைசியில், பொற்கொடி படிவத்தை அவர் முன்னால் வைத்து எங்கே கையெழுத்து என்று விரலால் காட்டினார். எல்லாக் கட்டமும் பூர்த்தியாகியிருந்ததைப் பார்த்தபோது அவர் முகத்தில் வந்த நிம்மதியை நான் என் கண்ணால் பார்த்தேன்.

அந்தப் படிவத்தை இன்றைக்கும் வாரியக் கோப்பில் பார்க்கலாம். இதர உபகரணம், எடை நாற்பத்திரண்டு கிராம், முத்திரை சரி, தலைவர் கையெழுத்து சரி. பன்னிரண்டாம் கட்டம், பாடலின் நீளம்: 'இன்னும் முடியவில்லை.'